புதுப்பிப்பு: செவிலியர் வீட்டுக்கு வந்தார்

குழந்தை பிறந்த வீடுகளுக்குச் செவிலியர் வரும் அரசுத் திட்டத்தில் சேரலாமா, வந்து குறை கண்டுபிடிப்பார்களோ என்று மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன்.

முதல் நாள் விடியற்காலையில் எழுந்து வீட்டைத் துடைத்தது வீண். வந்தவர் மடிக்காத துணிகளை நகர்த்திவிட்டுத் தரையில் அமர்ந்தார். குழந்தை 'ங்கா' என்றாள். நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். "பொறுங்கள், அவள் இன்னும் முடிக்கவில்லை" என்றார். இரண்டாவது 'ங்கா' வந்தது. இத்தனை நாளும் என் மகளை நான் பேசவே விட்டதில்லை போலும்!

பலன் உண்டா என்று கேட்ட நண்பருக்கு: 1970களின் இறுதியில் அமெரிக்காவின் எல்மைரா நகரில் டேவிட் ஓல்ட்ஸ் என்ற ஆய்வாளர் தொடங்கிய ஆய்வில், கர்ப்ப காலம் முதல் குழந்தைக்கு 2 வயதாகும்வரை செவிலியர்கள் வீடுகளுக்குப் போனார்கள்; நல்ல பலன் தெரிந்தது. ஆனால் இங்கிலாந்தில் அதே முறையைச் சோதித்து 2016இல் வெளியான முடிவில், பிறப்பு எடையிலோ தாயின் புகைப்பழக்கத்திலோ வித்தியாசம் இல்லை. வழக்கமான சேவை ஏற்கெனவே நன்றாக இருந்ததால் இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஒரே குறை, நடுவில் செவிலியரை மாற்றிவிட்டார்கள். பிரசவக் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அடுத்த வருகை வியாழக்கிழமை. வீட்டைத் துடைப்பதாக இல்லை.