இணையா, இருபுரியா?

அனைவருக்கும் வணக்கம். தொலைபேசி வடங்களில் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகளுக்கு (twisted pair) எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்பதே இங்கே கேள்வி.

அலுவலகத் தொலைபேசி இணைப்பகத்தோடு டிஜிட்டல் மேசைத் தொலைபேசிகளைப் பொருத்தும் முறையைத் தமிழில் எழுதியபோது, கையேட்டின் முதல் விதி இவ்வாறு அமைந்துவிட்டது: "ஒவ்வோர் உள்ளிணைப்புக்கும் இணைப்பகத்திலிருந்து தனி இணை செல்ல வேண்டும், ஓர் இணையில் இரு கருவிகளை இணையாக இணைக்கக் கூடாது." (உள்ளிணைப்பு என்பது அலுவலகத்துக்குள் தனி எண் கொண்ட extension.) இலக்கணப் பிழையில்லாத இந்த வாக்கியத்தை, கம்பி இழுக்கும் வேலையில் பல்லாண்டு பழகிய ஒருவர் மூன்று முறை படித்துவிட்டு, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று என்னிடமே கேட்டார்.

குழப்பம் அவருடையதன்று. சேர்ந்தே ஓடும் இரண்டு கம்பிகளுக்கும், மின்சுற்றில் பக்கம் பக்கமாகச் சேர்க்கும் முறைக்கும், சேர்த்தல் என்னும் வினைக்கும் 'இணை' என்ற ஒரே சொல்லை நாம் ஆள்கிறோம். பழைய அனலாக் தொலைபேசிகள் இரண்டை ஒரே தடத்தில் சேர்த்தால் இரண்டும் மணியடிக்கும் என்பதால், அந்தப் பழக்கத்தில் டிஜிட்டல் கருவிகளையும் அவ்வாறே சேர்ப்பவர்கள் உண்டு. டிஜிட்டல் கருவிகள் பலவற்றிலோ, குரலையோ தரவையோ சுமக்கும், நொடிக்கு 64 கிலோபிட் வீதமுள்ள இரண்டு தடங்களும் 16 கிலோபிட் சைகைத் தடம் ஒன்றும் அந்த இரண்டே கம்பிகளில் இரு திசையிலும் ஓடுகின்றன. கருவிக்கு வேண்டிய மின்சாரமும் அவற்றிலேயே வருகிறது. அந்த இரண்டு கம்பிகளில் இரண்டு கருவிகள் ஒருசேர விடையளித்தால் சைகைகள் மோதிக் குலைந்துவிடும். ஆகவே இந்த விதியில் பொருள் மயக்கத்துக்குச் சிறிதும் இடம் இருக்கலாகாது.

களத்தில் வழங்கும் சொல் 'பேர்' (ஆங்கிலத்தில் pair) என்பது. ஆனால் '10 பேர் வடம்' என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் முதலில் தோன்றுவது பத்து ஆட்களே. 'சோடி' நல்ல சொல்தான். எனினும் அது எண்ணிக்கையை மட்டுமே சொல்கிறது, முறுக்கைச் சொல்வதில்லை.

முப்புரி நூல் என்ற வழக்கை அடியொற்றி 'இருபுரி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். புரி என்பது முறுக்கையும், முறுக்கிய கயிற்றின் ஓர் இழையையும் குறிக்கும். இங்கே முறுக்குதான் உயிர்நாடி: 1881-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற அந்த உத்தியால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் படிந்து, மறுமுனையில் ஒன்றையொன்று நீக்கிவிடுகிறது. முறுக்கே அடையாளமாகவும் நிற்கிறது. 25 இருபுரிகள் கொண்ட வடத்தின் முதல் ஐந்து இருபுரிகளில் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் ஆகிய ஐந்துக்கும் துணையாக ஐந்து வெள்ளைக் கம்பிகள் வருகின்றன. வெள்ளைக் கம்பியில் துணையின் வண்ணக் கோடு இடாத வடத்தில் முறுக்கை அவிழ்த்துவிட்டால் எந்த வெள்ளை எதனுடையது என்பதைக் கண்ணால் அறிய வழியில்லை. அவ்வாறு ஒரு கம்பியை ஓர் இருபுரியிலிருந்தும் மற்றதை வேறோர் இருபுரியிலிருந்தும் எடுத்து, இருமுனையிலும் அதே தவற்றைச் செய்தால், கம்பி இருமுனைக்கும் இடையே அறாமல் செல்கிறதா என்று மட்டும் பார்க்கும் தொடர்ச்சிச் சோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். தொலைவு கூடும்போதுதான் கருவி அடிக்கடி தொடர்பை இழக்கும். பல மணி நேரத்தை விழுங்கும் இந்தக் கோளாற்றுக்குப் 'புரிப்பிறழ்வு' என்ற பெயர் தானாகவே கிடைக்கிறது. 'இணை'யிலிருந்து இப்படியொரு கிளைச்சொல்லைத் தெளிவாக ஆக்க எனக்கு இயலவில்லை.

சுவர்ச் செருகியிலிருந்து கருவிக்கு வரும் தட்டையான வடத்தில் முறுக்கு இல்லையே என்று ஒரு மறுப்பு எழலாம். அதனை இருபுரி என்று சொல்லத் தேவையில்லை. 'இருகம்பி வடம்' போதும். முறுக்கற்ற வடத்தை நீண்ட தொலைவுக்கு இழுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இந்த வேறுபாட்டால் தெளிவாகிறது.

திருத்திய விதி இது: "ஒவ்வோர் உள்ளிணைப்புக்கும் இணைப்பகத்திலிருந்து தனி இருபுரி செல்ல வேண்டும், ஓர் இருபுரியில் ஒரு கருவியை மட்டுமே பொருத்த வேண்டும்." இதை அதே பணியாளரிடம் காட்டினேன்; ஒருமுறை படித்ததும் அவர் வேலையைத் தொடங்கினார். 'புரிப்பிறழ்வு' என்பதில் 'புரிதல்' என்ற வினையின் சாயல் தட்டுகிறதா என்பதை மட்டும் நண்பர்கள் சொல்ல வேண்டும். தட்டினால் 'புரிமாற்றம்' என்று ஆளவும் எனக்கு உடன்பாடே.