பொருள்: பூட்லோடருக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

கோவையிலிருந்து:

நண்பர்களே, வணக்கம். பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவும் பயிற்சிக்கு ஒரு கையேடு எழுதியிருக்கிறோம். படிக்கப்போகிறவர்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். பழுதுபார்க்கும் இயலில் மட்டும் சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

கையில் இருப்பவை பென்டியம் 4 காலத்துப் பெட்டிகள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12இன் 32 பிட் பதிப்பை நிறுவுகிறோம். 13இல் அதற்கான நிறுவியே இல்லை. சிலவற்றில் பெரிய வட்டு மாட்டியிருக்கிறது. வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடிய கணினி, கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மைய நிரலை, புதுப்பித்த மறுநாள் எழ மறுக்கிறது. கர்னலை நினைவகத்துக்கு ஏற்ற வேண்டிய பூட்லோடரான கிரப், வட்டுக்கு வெளியே படிக்க முயன்றதாகச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. தாய்ப்பலகையிலேயே இருக்கும் அடிப்படை நிரலான பழைய பயாஸ் 28 பிட் முகவரியோடு நின்றுவிடுவதால் 137 ஜிபிக்கு அப்பால் வட்டு இருப்பதே அதற்குத் தெரியாது. புதிய கர்னல் கோப்பு அந்த எல்லையைத் தாண்டி எழுதப்பட்டுவிட்டால் அதை எடுக்க வழியில்லை. வட்டின் தொடக்கத்திலேயே கர்னலுக்கென்று 1 ஜிபி அளவில் தனிப் பகிர்வு (வட்டில் பிரித்த பகுதி) ஒதுக்கினால் தொல்லை தீரும்.

இதை எழுத பூட் (கணினியை எழுப்புவது), பூட்லோடர், பூட் பகிர்வு (மேலே சொன்ன தனிப் பகிர்வு) மூன்றுக்கும் ஒரே வேரில் சொற்கள் வேண்டும். வரைவில் துவக்கு, துவக்கு ஏற்றி, துவக்குப் பகிர்வு என்று போட்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தயவுசெய்து வேண்டாம். எங்கள் ஊரில் துவக்கு என்றால் துப்பாக்கி. "துவக்கு ஏற்றியைச் சரிபார்க்கவும்" என்று மாணவரிடம் கொடுத்தால் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்.

தஞ்சாவூரிலிருந்து:

நன்று சொன்னீர்கள். துவங்கு என்பதே பிற்காலத் திரிபு. தொடங்கு தன்வினை, தொடக்கு பிறவினை. அடங்கு, அடக்கு போல. கணினி தானே தொடங்கும். நாம் அதைத் தொடக்குவோம். எனவே தொடக்கி. இலக்கணம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது விவாதம் எதற்கு?

மற்றபடி, ஈழத்துத் துவக்கும் நம் துப்பாக்கியும் துருக்கியிலிருந்து வந்த உறவினர்கள். வான்சிறப்பில் வரும் துப்பாக்கியை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது துப்பு ஆக்கி, உணவை ஆக்கித் தருவது. வள்ளுவர் கையில் ஆயுதம் எதுவும் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, இலக்கணம் சரி. ஆனால் தொடக்கு என்றால் தீட்டு என்றும் பொருள் உண்டே. நாங்கள் துடக்கு என்போம்; பேரகராதியிலும் பார்க்கலாம். துப்பாக்கியிலிருந்து தப்பித் தீட்டில் விழ வேண்டுமா?

சிங்கப்பூரிலிருந்து:

பூட் என்றே எழுதிவிட்டால் என்ன? பஸ் ஏறவில்லையா நாம்? "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்று தொல்காப்பியரே இடம் விட்டிருக்கிறார். மாணவர் திரையில் பார்க்கப்போவதும் அந்தச் சொல்லைத்தான்.

தஞ்சாவூரிலிருந்து:

அந்த நூற்பா வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லைத் தள்ளாதே என்கிறது. கதவைத் திறந்து போடு என்று சொல்லவில்லை.

மதுரையிலிருந்து:

இரு தரப்பும் பொறுக்கவும். பூட்டு என்றே வைப்போம். ஒலியும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. சித்திரையில் நல்லேர் பூட்டித்தானே ஆண்டின் உழவைத் தொடங்குகிறோம்? ஏற்றி எனத் தனியே வேண்டாம், பூட்டி போதும். இன்னும் ஒன்று: பூட்டுவிற் பொருள்கோளில் செய்யுளின் கடைசிச் சொல் முதற்சொல்லோடு போய்ச் சேரும். மறுதொடக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? பூட்டுவில்!

சென்னையிலிருந்து:

இரசித்தேன். ஆனால் "கணினி பூட்டவில்லை" என்று படித்ததும் மாணவர் கடவுச்சொல்லைத் தேடுவார். வட்டை மறைகுறியாக்குவதற்கும் திரையை அடைப்பதற்கும் பூட்டு ஏற்கெனவே பிடிபட்டுவிட்டது.

பெயர் வைக்கும் முன் அது செய்யும் வேலையைப் பாருங்கள். வட்டின் முதல் பிரிவு (செக்டர்) 512 பைட். பகிர்வு அட்டவணைக்கு 64, கையொப்பத்துக்கு 2 போனால் நிரல் எழுத 446 பைட்தான். அவ்வளவு சிறிய இடத்தில் கர்னலைத் தேடும் அறிவை வைக்க முடியாது. ஆகவே அந்தத் துண்டு, பக்கத்துப் பிரிவுகளில் இருக்கும் பெரிய துண்டை நினைவகத்துக்கு ஏற்றுகிறது. பெரியது கர்னலை ஏற்றுகிறது. முழுக்க முழுக்க ஏற்றும் வேலை. ஏற்றியை எடுத்துவிட்டுத் தொடக்கி என்று மட்டும் சொன்னால் மாணவர் மின்பொத்தானைத்தான் நினைப்பார்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. மவுண்ட் செய்வதற்கும், அதாவது ஒரு பகிர்வின் கோப்புகளை எட்டும்படி கணினியோடு சேர்ப்பதற்கும், இதே குழுவில் "ஏற்று" என்று முடிவு செய்திருக்கிறோம். மீட்பு வழிமுறையில், யுஎஸ்பியிலிருந்து கணினியை எழுப்பி, இயங்குதளம் இருக்கும் மூலப் பகிர்வை மவுண்ட் செய்து, அதற்குள் புகுந்து கிரப்பை மறுபடி நிறுவ வேண்டும். "பகிர்வை ஏற்றிய பின் ஏற்றியை ஏற்றவும்" என்று வரும். நாக்குப் பயிற்சிக்கு நல்லது.

கோவையிலிருந்து:

அச்சகத்திலிருந்து தொலைபேசி வந்துவிட்டது. தொடக்கம் என்ற பெயர்ச்சொல்லில் துப்பாக்கியும் இல்லை, தீட்டும் இல்லை. எனவே தொடக்க ஏற்றி, தொடக்கப் பகிர்வு. மவுண்டுக்கு "இணை". முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பூட்லோடர் என்றும் சேர்த்து எழுதுகிறேன். பெரும்பான்மை இதற்கே என்று எடுத்துக்கொள்கிறேன். வியாழக்கிழமையிலிருந்து எவரும் புதிய வாதம் வைக்கவில்லை.

தஞ்சாவூரிலிருந்து:

வைக்காதது உடன்பாடு அன்று. தொடக்கப் பள்ளி போல ஒலிக்கிறது. "இணை" வலையிணைப்புக்கும் வருகிறது. அடுத்த பதிப்பில் இதே சண்டை வரும்.

மதுரையிலிருந்து:

என் படியில் பூட்டி என்று பேனாவால் திருத்திக்கொள்வேன். அது போகட்டும், அந்தப் பெட்டிகளில் தாய்ப்பலகை மின்கலத்தை மாற்றினீர்களா? நாள் பல ஆண்டு பின்னால் போயிருந்தால் மென்பொருள் தொகுப்புகளின் கையொப்பம் செல்லாது என்று புதுப்பித்தல் நின்றுவிடும். சிஆர் 2032 என்று கடையில் கேளுங்கள். அதற்குத் தமிழ்ப் பெயர் தேவையில்லை.