புதுப்பிப்பு: டிரில் போனது, இம்பாக்ட் டிரைவர் வந்தது

பதில் சொன்னவர்களுக்கு நன்றி. பழைய 12 வோல்ட் கார்ட்லெஸ் டிரில்லின் மோட்டார் கருகியதும் என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். "ஸ்க்ரூ முடுக்கத்தானே அதிகம், இம்பாக்ட் டிரைவர் வாங்குங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. சுற்றும்போதே உள்ளே சுத்தியல் போலத் தட்டித் தட்டி ஸ்க்ரூவை முடுக்கும் கருவி அது. 18 வோல்ட் பிரஷ்லெஸ் (மோட்டாரில் கார்பன் பிரஷ் இல்லாதது) ஒன்று வாங்கினேன். கட்டிலுக்கு 75 மி.மீ. ஸ்க்ரூ 16 முடுக்கியும் மணிக்கட்டு வலிக்கவில்லை. பழையது கையையே முறுக்கும்.

எதிர்பாராதது, உருண்டைத் தண்டு உள்ள என் பழைய பிட் (மாட்டும் முனை) எதுவும் இதில் மாட்டவில்லை. கால் அங்குல அறுகோணத் தண்டு பிட்தான் வேண்டும். அப்புறம் சத்தம்! மதியத் தூக்கத்திலிருந்த அம்மா எழுந்தே விட்டார். சுவிட்ச் பெட்டியின் சின்ன ஸ்க்ரூவுக்கு இது வேண்டாம், ஸ்க்ரூ தலையின் பள்ளத்தையே தேய்த்துவிட்டேன். கான்கிரீட் சுவரில் ஓட்டை போடவும் ஆகாது. பக்கத்து வீட்டு ஹேமர் டிரில்தான் இப்போதைக்கு.