அம்பாசிடர் ஓவர் சார்ஜ், பேட்டரி கொதிக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாக வேண்டும்

கீழக்கரை_மார்க்2:
எல்லோருக்கும் வணக்கம். அம்பாசிடர் ஓவர் சார்ஜ் ஆகிறது. பேட்டரி மேல் கை வைக்க முடியவில்லை, மூடியைத் திறந்தால் சோடா மாதிரி பொங்குகிறது, பானெட்டைத் தூக்கினாலே அழுகிய முட்டை நாற்றம். ஹெட்லைட் பல்பு இரண்டும் போய்விட்டது. டைனமோவின் சார்ஜை அடக்கும் ரெகுலேட்டர் பெட்டி, அதுதான் கட்-அவுட், அதையும் புதிதாக மாற்றியாச்சு, அப்படியும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை லாத்தா மகளுக்கு நிக்காஹ், வாப்பா ஓட்டிய வண்டி, மாப்பிள்ளை அதில்தான் வர வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

உச்சிப்புளி_ஓட்டுநர்:
எந்த வருட வண்டி? பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது பழைய மாதிரி டைனமோவா, புது மாதிரி ஆல்டர்னேட்டரா? எத்தனை வோல்ட் வருகிறது? மீட்டரை எங்கே வைத்துப் பார்த்தீர்கள்?

ராம்நாடு_பத்மினி:
பேட்டரிதான் சார், வேறு ஒன்றும் இல்லை. ஒரு செல் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கும். மீதி ஐந்து செல்லுக்கும் சேர்த்து சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும், அதுதான் சூடு. என் பிரீமியர் பத்மினி காரில் போன வருடம் இப்படித்தான் ஆனது, பேட்டரி மாற்றியதும் நின்றது. ஆசிட் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் போட்டு ஆறு செல்லையும் பாருங்கள், ஒன்று மட்டும் இறங்கி நிற்கும்.

பழைய_வயரிங்:
ஓவர் சார்ஜ் என்று சொன்னால் போதுமா? காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரை கேட்பது மாதிரி இருக்கிறது. வண்டி என்ன வருடம் என்றுகூட எழுதவில்லை. கோளாறைப் பார்ப்பதற்கு முன்பே கட்-அவுட்டை மாற்றிவிட்டு வந்து நிற்கிறீர்கள், அந்தப் பழைய பெட்டி அநேகமாக நல்ல பெட்டி. குப்பையில் போட்டுவிடாதீர்கள். நான் ஆட்டோ எலக்ட்ரிகல் வேலையில் முப்பது வருடம். வோல்ட் சொல்லாமல் வைத்தியம் சொல்ல மாட்டேன்.

பெரியபட்டினம்_டீசல்:
காக்கா, ஃபேன் பெல்ட் ரொம்ப டைட்டாக இருக்கிறதா பாருங்கள். டைனமோ வேகமாகச் சுற்றினால் கரண்ட் கூடத்தானே வரும்.

பழைய_வயரிங்:
பெல்ட் டைட்டானால் பேரிங் போகும், வோல்ட் ஏறாது. வேகம் எவ்வளவு ஏறினாலும் வோல்ட்டை அடக்குவதற்குத்தான் ரெகுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது. தெரியாததைச் சொல்லி அவரைக் குழப்ப வேண்டாம்.

கீழக்கரை_மார்க்2:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். 1972 மார்க் 2, பெட்ரோல், டைனமோ. மைனஸ்தான் பாடிக்கு எர்த். மெக்கானிக் தம்பி மீட்டர் வைத்துப் பார்த்தான், பேட்டரி முனையில் ஐட்லிங்கில் 12.7, கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் 16.8 வரை போகிறது. சில நேரம் 15-க்கு இறங்கிவிட்டு மறுபடி ஏறும். தண்ணீர் தினமும் ஊற்றுகிறேன், மறுநாள் தகடு வெளியே தெரிகிறது.

உச்சிப்புளி_ஓட்டுநர்:
16.8 என்றால் பேட்டரி இல்லை. செல் ஷார்ட் ஆகியிருந்தால் வோல்ட் இறங்கித்தான் காட்டும், ஏறிக் காட்டாது. 14.4 தாண்டினாலே ஆசிட் பொங்க ஆரம்பிக்கும், நம் ஊர் வெயிலுக்கு அதற்கும் முன்பே. முதலில் வண்டியை ஷெட்டை விட்டு வெளியே நிறுத்துங்கள். வருவது ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறிக்குப் பற்றும். பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம்.

பெரியபட்டினம்_டீசல்:
சரி, அப்படியென்றால் ஸ்டார்ட்டில் இருக்கும்போது பேட்டரி முனையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி ஓடினால் டைனமோ நல்லது.

உச்சிப்புளி_ஓட்டுநர்:
தம்பி, தயவுசெய்து அதை மட்டும் சொல்லாதே. பொங்குகிற பேட்டரி பக்கத்தில் முனையைக் கழற்றினால் பொறி பறக்கும், அப்படியே வெடிக்கும். ராமேஸ்வரம் ரோட்டில் ஒரு லாரி செட்டில் என் கண் முன்னால் நடந்தது. பேட்டரி மூடி கூரையில் போய் அடித்தது, பையன் முகமெல்லாம் ஆசிட். பக்கத்தில் குடத்துத் தண்ணீர் இருந்ததால் கண் தப்பியது. அந்தப் பழக்கத்தையே விட்டுவிடுங்கள்.

பாம்பன்_போட்_வேலை:
என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

கீழக்கரை_மார்க்2:
வீட்டு ஏசியில் இருந்து சொட்டுவதைப் பிடித்து ஊற்றுகிறேன் அண்ணே. எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள்.

ராம்நாடு_பத்மினி:
ஏசி தண்ணீர் சுத்தமான தண்ணீர், காற்றில் இருந்து வருவதுதானே, உப்பே கிடையாது. நான் பத்து வருடமாக அதைத்தான் ஊற்றுகிறேன்.

பாம்பன்_போட்_வேலை:
காற்றில் இருந்து வரும்போது சுத்தம்தான். அப்புறம் அது ஏசிக்குள் இருக்கும் செம்பு, அலுமினியத் தகட்டில் வழிந்து, தூசியைக் கழுவி, பாசி பிடித்த குழாய் வழியாக வருகிறதே. அதுவும் நம் கடற்கரையில். என் வீட்டு ஜன்னல் கம்பியில் காலையில் நாக்கை வைத்தால் உப்புக் கரிக்கும், அந்தக் காற்றுதான் ஏசிக்குள்ளும் போகிறது. குளோரைடு போனால் தகடு அரிக்கும்.

ராம்நாடு_பத்மினி:
என் பேட்டரி நாலு வருடம் வந்தது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உச்சிப்புளி_ஓட்டுநர்:
ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார், அதுவும் கூடாது, அதில் மிச்ச உப்பு இருக்கும். இந்த மாவட்டத்தில் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசவே வேண்டாம், குடிக்கிறதற்கே காவிரித் தண்ணீர் குழாயில் வரும் நாளுக்குக் காத்துக் கிடக்கிறோம். கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி ஊற்றுவதற்கு என்ன? புது பேட்டரியின் விலையை நினைத்துப் பாருங்கள்.

பழைய_வயரிங்:
கேட்டது ஓவர் சார்ஜ், பேசுவது தண்ணீர்ப் பஞ்சம். கீழக்கரைக்காரரே, இதைச் செய்யுங்கள். இன்ஜினை நிறுத்தி, கட்-அவுட் பெட்டியில் F என்று போட்ட முனையில் உள்ள வயரை மட்டும் கழற்றி நுனியில் டேப் சுற்றுங்கள், எங்கும் படக்கூடாது. ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுங்கள். F வயர்தான் டைனமோவின் ஃபீல்டுக்கு, அதாவது உள்ளே காந்தத்தை உண்டாக்கும் காயிலுக்கு, கரண்ட் கொடுப்பது. அது இல்லாமல் சார்ஜ் நின்றுவிட்டால் டைனமோவும் வயரிங்கும் நல்லது, கோளாறு பெட்டிப் பக்கம். நிற்காமல் வோல்ட் ஏறினால் வழியில் எங்கோ டைனமோவில் இருந்து கரண்ட் வரும் D வயரும் F வயரும் உரசி ஒட்டியிருக்கிறது. இதைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியே வாங்கியிருக்க வேண்டும்.

திருப்புல்லாணி_ரெட்ரோ:
இத்தனை பாடு எதற்கு? டைனமோவைத் தூக்கிப் போட்டுவிட்டு மாருதி 800 ஆல்டர்னேட்டர் போடுங்கள். ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது. உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது, டைனமோவுக்கு உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் தேடி எத்தனை நாள் அலைவீர்கள்?

பழைய_வயரிங்:
1972 வண்டியில் 800 ஆல்டர்னேட்டர். அப்புறம் ஸ்டியரிங்கையும் மாற்றிவிடுங்கள், சீட்டையும் மாற்றிவிடுங்கள், வாப்பா ஓட்டிய வண்டி என்று சொல்லாதீர்கள்.

திருப்புல்லாணி_ரெட்ரோ:
வண்டி ஓட வேண்டும் சார், ஷோகேஸில் வைக்க இல்லை. அந்த டைனமோ கொடுப்பது 22 ஆம்பியர், அதுவும் நல்ல வேகத்தில். இரண்டு ஹெட்லைட்டுக்கே 8, 9 ஆம்பியர் போய்விடும். விடுமுறை நாளில் பாம்பன் பாலத்தில் நின்று நின்று போகும்போது ஐட்லிங்கில் ஒன்றுமே வராது, சிவப்பு லைட் எரிந்துகொண்டே இருக்கும். ராத்திரி குடும்பத்தோடு வந்து மாட்டியவனுக்குத்தான் அது தெரியும்.

பழைய_வயரிங்:
1988-ல் அந்தப் பாலம் திறந்ததில் இருந்து டைனமோ வண்டியில்தான் போய் வருகிறேன். ஒரு நாளும் நின்றதில்லை. பராமரிப்பு இருந்தால் எதுவும் ஓடும்.

பாம்பன்_போட்_வேலை:
இரண்டு பேரும் நிறுத்துங்கள், பாவம் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். தம்பி, ஓவர் சார்ஜ் வருவதற்கு முன்னால் வண்டியில் கடைசியாக என்ன வேலை செய்தீர்கள்? எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள், எலக்ட்ரிக் வேலையாக இல்லாவிட்டாலும்.

கீழக்கரை_மார்க்2:
F கழற்றிப் பார்த்தாச்சு, சார்ஜ் சுத்தமாக நின்றுவிட்டது. வேலை என்று பார்த்தால் எலக்ட்ரிக் வேலை ஒன்றும் செய்யவில்லை. கல்யாணத்துக்காகப் போன மாதம் டிங்கரிங், பெயிண்டிங் மட்டும். பானெட்டுக்குள்ளும் சேர்த்து அடித்தார்கள்.

பாம்பன்_போட்_வேலை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கட்-அவுட்டில் E என்று ஒரு முனை இருக்கும், அதில் இருந்து ஒரு கறுப்பு வயர் பாடித் தகட்டுக்குப் போகும். பெயிண்ட் அடிக்க அந்த ஸ்க்ரூவைக் கழற்றியிருப்பார்கள், திரும்ப புது பெயிண்ட் மேலேயே வைத்து முறுக்கியிருப்பார்கள்.

பெட்டிக்குள் வோல்ட்டைப் பார்க்கிற காயிலின் ஒரு நுனி D-யில், இன்னொரு நுனி இந்த E-யில். எர்த் நன்றாக இருந்தால் 14 வந்ததும் காயில் இழுத்து பாயிண்டைத் திறந்து ஃபீல்டைக் குறைக்கும். எர்த் அரைகுறையாக இருந்தால் காயிலுக்கு முழு வோல்ட் கிடைக்காது, 14 வந்துவிட்டது என்று அதற்குத் தெரியவே தெரியாது. எர்த் சுத்தமாக விட்டுப்போனால் பாயிண்ட் திறக்கவே திறக்காது, டைனமோ தன் பாட்டுக்கு ஏற்றும். பெட்டி புதிதாக இருந்தாலும் பழையதாக இருந்தாலும் ஒன்றுதான். உங்களுக்கு 15-க்கு இறங்கி மறுபடி ஏறுகிறது என்றால், ஸ்க்ரூ மரையில் எங்கோ ஓரத்தில் மட்டும் பட்டும் படாமலும் இருக்கிறது.

விசைப்படகில் எனக்கு வரும் சார்ஜிங் கோளாறில் முக்கால்வாசி எர்த்தில்தான் முடியும். வெளியே பார்த்தால் வயர் நுனியில் இருக்கும் லக் பளபளப்பாக இருக்கும், வயர் தோலைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்து, விரலால் நெருடினால் பச்சைப் பொடியாக உதிரும்.

கழற்றுவதற்கு முன் ஒன்று பாருங்கள். F வயரைத் திரும்ப மாட்டி, இன்ஜின் ரேஸில் இருக்கும்போது மீட்டரின் ஒரு முள்ளை E முனையில், இன்னொன்றை பேட்டரி மைனஸில் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும்.

பழைய_வயரிங்:
E எர்த்தை நானும் அடுத்ததாகச் சொல்லத்தான் இருந்தேன்.

திருப்புல்லாணி_ரெட்ரோ:
ஆல்டர்னேட்டரில் இந்த E வயர் தொல்லையே கிடையாது என்பதையும் பதிவு செய்கிறேன்.

உச்சிப்புளி_ஓட்டுநர்:
ஞாயிறுக்குள் முடியாவிட்டால் பயப்பட வேண்டாம். பேட்டரியைத் தனியாகச் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு, F வயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டுப் பகலில் ஓட்டுங்கள். பெட்ரோல் வண்டிக்கு இக்னிஷன் காயிலுக்கு நாலு ஆம்பியர் போதும், பள்ளிவாசலுக்குப் போய் வருவதற்குத் தாராளம். லைட் மட்டும் போடக்கூடாது.

பாம்பன்_போட்_வேலை:
தம்பி, பார்த்தீர்களா?

ராம்நாடு_பத்மினி:
இன்று வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. ஆளையே காணோம். யாராவது அவர் ஊர்ப் பக்கம் இருந்தால் விசாரியுங்கள்.

பெரியபட்டினம்_டீசல்:
கல்யாண வீட்டில் இருப்பார். திங்கட்கிழமை வருவார்.

கீழக்கரை_மார்க்2:
தாமதத்துக்கு மன்னிக்கவும். E-க்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் 2.4 வோல்ட் காட்டியது. ஸ்க்ரூவைக் கழற்றினால் கீழே தகடு முழுக்கப் புது பெயிண்ட், ஓட்டையின் ஓரத்தில் மட்டும் அரிசி அளவுக்கு இரும்பு தெரிந்தது, அதுவும் ஒரு மாதத்திலேயே துருவேறிவிட்டது. எமரி பேப்பர் போட்டு வெள்ளையாகும் வரை தேய்த்து, லக் மாற்றி முறுக்கினோம். இப்போது ரேஸில் 14.3, ஏறவே இல்லை. பழைய கட்-அவுட்டையும் மாட்டிப் பார்த்தேன், அதுவும் 14.3. மாப்பிள்ளை வண்டி நல்லபடியாகப் போய் வந்தது. பாம்பன் அண்ணனுக்கு ரொம்ப நன்றி.

பாம்பன்_போட்_வேலை:
சந்தோஷம் தம்பி. 16.8-இல் 2.4 போனால் 14.4, கணக்கு சரியாக இருக்கிறது, பெட்டி அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. லக் மேல் வாசலின் தடவி வையுங்கள், ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். இன்ஜினில் இருந்து பாடிக்கு வரும் பட்டை எர்த்தையும் அவர்கள் கழற்றியிருப்பார்கள், அதையும் பார்த்துவிடுங்கள்.