காலடியில் சுரங்கம் தோண்டியபோது: உங்கள் அனுபவங்கள்

வாசற்படி:
ரயில் சுரங்கப் பணி தொடங்கும் முன்பே எங்கள் பழைய வீட்டின் விரிசல்களைப் படமெடுத்து, அவற்றின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவிட்டுப் போனார்கள்; விரிசல் அகன்றால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். சுரங்கம் தோண்டும் இயந்திரம் வீட்டுக்கு அடியில் கடந்துபோன இரவில் அதிர்வு பெரிதாகத் தெரியவில்லை. மாடிப்படியோரம் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தபோது கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது. இன்றும் எழுந்ததும் என் கண் அந்தச் சுவருக்குத்தான் போகிறது.

கிணற்றடி:
சுரங்க ரயில் நிலையத்துக்காகத் தோண்டிய குழியில் தொல்லியல் குழுவோடு இருந்தேன். பழைய கிணறு ஒன்றின் கல்விளிம்பு வெளிப்பட்டது. கயிறு உரசி உரசி உண்டான பள்ளங்களில் என் விரல் அப்படியே பொருந்தியது. அளந்து, வரைந்து, எண்ணிட்டுக் கற்களைப் பெயர்க்க எங்களுக்குக் கிடைத்தவை நான்கே நாட்கள். இஸ்தான்புல்லின் யெனிகாப்பியில் 37 பழங்காலக் கப்பல்கள் கிடைத்தபோது ரயில் பணி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. கிணற்றுக்காக யார் காத்திருப்பார்கள்?

மூன்றாம் ஷிப்டு:
வாசற்படி அவர்களே, சுரங்க இயந்திரத்தில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதிர்வைத் தேடாதீர்கள். இயந்திரம் மண்ணை வெட்டும் முன்பக்கத்தில் மண்ணும் நீரும் தரும் அழுத்தத்துக்கு ஈடாக உள்ளிருந்து அழுத்தம் கொடுக்காவிட்டால், தேவைக்கு மேல் மண் உள்ளே வந்துவிடும். அந்த இழப்புதான் மேலே நிலம் தாழ்வதாகத் தெரியும். 2019 ஆகஸ்ட் 31 அன்று கொல்கத்தாவின் பௌபஜாரில் இயந்திரம் நீர் நிறைந்த மண்ணடுக்கைத் தொட்டதும் நீரும் மண்ணும் உள்ளே பாய்ந்து, மேலிருந்த வீடுகள் இடிந்தன. ஆகவே பணிக்கு முன் உங்கள் வீட்டைப் படமெடுத்த ஆய்வின் அறிக்கை நகலை எழுத்து மூலம் கேளுங்கள். நிலம் எவ்வளவு தாழ்ந்தது என்ற அளவீடுகளைத் தேதியோடு வாங்கி வையுங்கள். கதவுகள் நிலையில் உரசுகின்றனவா என்று பாருங்கள். களிமண்ணாக இருந்தால் இயந்திரம் போன பிறகும் மாதக்கணக்கில் கவனியுங்கள். என் அனுபவம் சிறியது: ஓர் இரவு, வெட்டிய மண்ணை வெளியே கொண்டுவரும் பெல்ட்டில் வந்த மண்ணின் எடை கணக்கை மீறியது. மேலே குடும்பங்கள் உறங்கிக்கொண்டிருக்க, பொறியாளர் ஒன்றும் பேசாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கிணற்றடி:
பழியையெல்லாம் இயந்திரத்தின் மேல் போடுகிறீர்கள். 2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக்காப்பகம் சரிந்து இருவர் இறந்ததற்குக் காரணம், அருகே ரயில் பணிக்காகத் தோண்டிய குழியின் நிலத்தடிச் சுவரிலிருந்த பழுது. நாங்கள் நின்றதும் அத்தகைய குழியில்தான்.

வாசற்படி:
நான் ஆலோசனை கேட்கவில்லை. ஆனாலும் போய்ப் பார்த்தேன். பின்கட்டுக் கதவு உரசுகிறது; மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது என்றே இதுவரை நினைத்திருந்தேன்.