மூன்றாவது குஞ்சுக்கு மீன் போடலாமா?

மழைக்குருவி:
விராலடிப்பான் (ஆஸ்ப்ரே என்னும் மீன் தின்னும் பருந்து வகை) கூட்டின் நேரலை ஒன்றைப் பருவத் தொடக்கத்திலிருந்து பார்த்து வருகிறேன். மூன்று முட்டை, மூன்றும் பொரித்துவிட்டன. கடைசிக் குஞ்சு மட்டும் சில நாள் பிந்தி வந்தது. இப்போது விடாத மழை. தண்ணீர் கலங்கிக் கிடப்பதால் ஆண் பறவை வெறுங்காலோடு திரும்புகிறது. எப்போதாவது மீன் வந்தாலும் தாய் கிழித்து நீட்டும் துண்டைப் பெரியது முந்திக்கொள்கிறது. சின்னது கழுத்தை நீட்டினால் உச்சந்தலையில் ஒரு கொத்து. உடனே முகத்தைக் குச்சிகளுக்குள் புதைத்துப் படுத்துவிடுகிறது. கேமரா வைக்கத் தெரிந்தவர்களுக்கு இரண்டு மீன் போடத் தெரியாதா?

ஆற்றங்கரையான்:
போடக் கூடாது. முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்குவதால்தான் குஞ்சுகள் முன்பின்னாகப் பொரிக்கின்றன. மீன் நிறைய இருந்தால் மூன்றும் பிழைக்கும், இல்லையென்றால் மூத்தவையாவது தேறும். பஞ்சத்தில் சமமாகப் பங்கிட்டால் மூன்றுமே நோஞ்சானாகிவிடும். அப்புறம், ஏணி சாத்தினால் தாய் எழுந்து பறக்கும். சிறகு முளைக்காத குஞ்சுகள் அந்த நேரம் முழுக்க மழையில் நனையும். உதவி செய்யப் போய் மூன்றையும் விறைக்க வைப்பீர்கள்.

மழைக்குருவி:
கூடு இருப்பதே மனிதன் நட்ட கம்பத்தில். பிரிட்டனில் இந்தப் பறவையைச் சுட்டும் முட்டை திருடியும் ஒழித்தது யார்? 1954இல் ஸ்காட்லாந்தின் கார்ட்டன் ஏரிக்கு ஒரு ஜோடி திரும்பி வந்த பிறகு, ஆள் போட்டுக் காவல் காத்துத்தான் கூட்டைக் காப்பாற்றினார்கள். 1996 முதல் ஸ்காட்லாந்துக் குஞ்சுகளை இங்கிலாந்தின் ரட்லண்டுக்குக் கொண்டுபோய் வளர்த்து விட்டார்கள். அப்போதெல்லாம் தலையிடலாம், ஒரு மீன் மட்டும் ஆகாதா?

ஆற்றங்கரையான்:
அது இனத்தைக் காப்பாற்ற. நீங்கள் கேட்பது உங்கள் மனசைக் காப்பாற்ற. கோபப்படாதீர்கள், நானும் அந்த நேரலையைப் பார்க்கிறவன்தான்.

கம்பத்தடி:
இரண்டு பேருக்கும் முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் 2014இல் தாய்ப்பறவை தன் குஞ்சுகளையே கொத்தியது, சரியாக ஊட்டவில்லை. காப்பாற்றச் சொல்லி பார்வையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள், கேமரா வைத்த ஆய்வு நிறுவனம் கை வைக்கவில்லை. அடுத்த ஆண்டும் அதே கதை, வசவும் மிரட்டலும். 2016இல் கேமராவே ஓடவில்லை. வேல்ஸின் டைவியில் நேர்மாறு. 2012 ஜூன் மழையில் இரண்டு குஞ்சுகள் செத்தபின் மூன்றாவதுக்கு ஆட்களே மீன் ஊட்டினார்கள், அது பிழைத்துப் பறந்தது.

ஆற்றங்கரையான்:
வேல்ஸில் அன்று கூடுகட்டியவை விரல்விட்டு எண்ணும் அளவு. அங்கே ஒரு குஞ்சும் கணக்கில் வரும். இங்கே நிலைமை அதுவல்ல. பிழைத்துப் பறந்தாலும் ஆப்பிரிக்கா போய் இரண்டு மூன்று வருடம் கழித்துத் திரும்புவதற்குள் பாதிக்கு மேல் செத்துப்போகும். சொந்தமாக மீன் பிடிக்க வலுவில்லாததைத் தேற்றி அனுப்பி என்ன பயன்?

மழைக்குருவி:
வலு பிறவியில் வருவதில்லை, தீனியில் வருகிறது! இன்று மழை கொஞ்சம் விட்டதும் ஆண் பறவை மீனின் தலையைத் தின்றுவிட்டு மீதியைக் கொண்டுவந்தது. பெரியவை இரண்டும் கழுத்துப் பை புடைத்து மயங்கிய பிறகு சின்னதுக்கு நிதானமாக ஊட்டினாள் தாய். ஒரே வேளையில் தலை நிமிர்ந்துவிட்டது. பசிதான் பிரச்சினை, குஞ்சில் குறையில்லை.

கம்பத்தடி:
பசி என்றால் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவைப் பாருங்கள். மொப்ஜாக் பகுதியில் ஆய்வாளர்கள் சில கூடுகளில் மட்டும் மென்ஹேடன் மீன் போட்டுப் பார்த்தார்கள். போட்ட கூடுகளில் இருமடங்குக்கு மேல் குஞ்சுகள் தேறின. எண்ணிக்கை சரியாமல் இருக்கக் கூட்டுக்குச் சராசரி 1.15 குஞ்சு வேண்டும், போடாத கூடுகள் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. மென்ஹேடன் குறைந்ததே காரணம் என்கிறார்கள் அவர்கள். அதைப் பிடிக்கும் நிறுவனங்கள் மறுக்கின்றன.

ஆற்றங்கரையான்:
அது காரணத்தைக் கண்டுபிடிக்கச் செய்த சோதனை, அன்னதானம் இல்லை. மனிதன் போட்ட நைலான் கயிறு குஞ்சின் காலில் சுற்றினால் அவிழ்க்கட்டும், நானே ஏணி பிடிக்கிறேன். அதுவும் பறக்கும் வயது நெருங்காதவரை. ஏழு வாரக் குஞ்சு பயந்து குதித்துவிடும். மழைக்காக ஏறக் கூடாது.

மழைக்குருவி:
சரி, மென்ஹேடனை வாரிக்கொண்டு போனதால் பட்டினி என்றால் அது எந்தக் கணக்கு? கயிறா, மழையா?

ஆற்றங்கரையான்:
கயிறுதான். ஆனால் அந்த ஏணியைச் சாத்த வேண்டிய இடம் கூடு இல்லை, மீன்பிடி அளவைத் தீர்மானிக்கும் அலுவலகம்.

மழைக்குருவி:
அவர்கள் கூட்டம் போட்டு முடிவெடுப்பதற்குள் இந்தப் பருவமே முடிந்துவிடும் ஐயா.