பாய்க்கப்பல் மாதிரி செய்யும்போது சந்தித்தவர்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

குளச்சல் பக்கத்திலிருந்து:

மரத்தில் சின்னதாகப் பாய்க்கப்பல் மாதிரி செய்கிறவர்கள் கூடினால் பேச்சு பெரும்பாலும் கிட் (மாதிரி செய்யத் தேவையானவை எல்லாம் ஒரே பெட்டியில் வருவது), பசை, கத்தி, நூல் என்றே போகும். எனக்கு இந்த வேலையில் பாதியைச் சொல்லிக்கொடுத்தவர்கள் மாதிரிக் கப்பல் எதையும் கையால் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள். அவர்களில் இரண்டு பேரைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்கும் அப்படி யாராவது வாய்த்திருந்தால் கீழே தொடருங்கள்.

நான் செய்துகொண்டிருப்பது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘ஆம்ஸ்டர்டாம்’. 1748-இல் கட்டிய கப்பல். ஏன் டச்சுக் கப்பல் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை மடக்கியது இந்தக் கரையில்தான். வெற்றித்தூண் இன்றும் நிற்கிறது. அன்று பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூருக்கே தளபதியானார். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதே காலத்தில் அதே கம்பெனி கட்டிய கப்பல் என்பதால் ஆம்ஸ்டர்டாம்மீது எனக்குப் பிடிப்பு. முதல் பயணத்திலேயே, 1749 ஜனவரியில், இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் அருகே கரைதட்டி மணலில் புதைந்துபோனது. கடல் நன்றாக வற்றுகிற நாள்களில் அதன் மரச்சட்டம் இப்போதும் வெளியே தெரியும்.

இந்தக் கப்பலின் அளவுகள் ஆம்ஸ்டர்டாம் அடியில் இருக்கும். அந்த அடி 28.3 சென்டிமீட்டர். அதற்கு 11 அங்குலம், 12 அல்ல. கப்பல் 150 அடி நீளம் என்றால் நம் அடிக்கணக்கில் ஏறக்குறைய 139 அடிதான். என் மாதிரி 1:72, அதாவது நிஜக் கப்பலில் 72-இல் ஒரு பங்கு. அதனால் ஒவ்வொரு அளவையும் மில்லிமீட்டருக்கு மாற்றி, 72-ஆல் வகுத்து எழுதிக்கொண்டிருந்தேன். பலகை இழைத்து வாங்கத் திருவட்டாறு பக்கம் ஓர் ஆசாரியிடம் போனபோது அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “இது என்ன தம்பி இவ்வளவு கணக்கு?” என்றார். ஒரு அடிக்கு 11 அங்குலம் என்று சொன்னேன். ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாதாரணமாகத் தன் கோலை எடுத்துக் காட்டினார். 24 அங்குலம் ஒரு கோல். வீட்டு வேலைக்கு இன்னமும் அதில்தான் அளக்கிறார். “அவன் தச்சன் அவன் கோலுல அளந்திருக்கான். நீங்க அதை இங்கிலீஷுக்கு மாத்தினா கழிவுதான் மிஞ்சும். அந்தக் கோலையே செஞ்சுருவோம்.”

அங்கேயே பலாச்சட்டம் ஒன்றை இழைத்தார். நான் சொன்ன அளவில் 10 அடிக்கு ஒரு கோடு, கூர்மையான குறிகத்தியால் கீறினார். பென்சில் கோடே கால் மில்லிமீட்டர் தின்றுவிடும் என்றார். இப்போது வரைபடத்தில் 38 அடி என்றால் கோலில் 38 அடி பார்த்துக் கவராயத்தில் எடுத்துக்கொள்கிறேன். கணக்கே இல்லை. வங்குகள் (கப்பலின் விலாச்சட்டங்கள்) எல்லாம் ஏராக்கட்டையில் (அடிமரத்தில்) ஒரே சீராக உட்கார்ந்தன. கால்குலேட்டரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்கிற முதல் விஷயம் இந்த அளவுகோல்தான்.

இரண்டாவது ஆள் கடலில் தொழில் பார்த்த ஒரு பாட்டா, அதாவது தாத்தா. எஞ்சின் வருவதற்கு முன்பே கட்டுமரத்தில் பாய் விரித்துப் போனவர். எங்கள் தெருவில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தபோது ஷோகேஸில் கடையில் வாங்கிய பாய்க்கப்பல் ஒன்று இருந்தது. நான் அதன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டா குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “காத்து எங்கேருந்து அடிக்குது மக்கா?”

எனக்குப் புரியவில்லை. “பாய் முன்னால உப்பியிருக்கு. அப்போ காத்து பொறத்தாலேருந்து வருது. கொடி மட்டும் எப்படிப் பொறத்தால பறக்கும்?”

அன்றிலிருந்து எந்தக் கடையில் எந்த மாதிரியைப் பார்த்தாலும் என் கண் கொடிக்குத்தான் போகிறது. பத்தில் ஒன்பதில் கொடி தவறான பக்கம் பறக்கிறது. மோட்டார் படகில் போகிறவர்களுக்குக் கொடி பின்னால் பறப்பதுதான் பழக்கம். பின்காற்றில் ஓடும் பாய்க்கப்பலோ காற்றை முந்தாது. ஆகவே கொடியும் பாய் உப்பிய பக்கமே, அணியத்தை (கப்பலின் முன்பக்கத்தை) நோக்கியே பறக்க வேண்டும். காற்று பக்கவாட்டில் வந்தால் கொடியும் எதிர்ப்பக்கம் சாயும். மேற்கிலிருந்து வரும் கச்சானில் எப்படி, கிழக்கிலிருந்து வரும் கொண்டலில் எப்படி என்று விசேஷ வீட்டு வாசலில் கையை வீசிக் காட்டினார். அவ்வளவு பெரிய கை, விரல் முழுக்கக் கயிற்றுத் தழும்பு.

அப்புறம் என் வீட்டுக்கு வந்தார். பாதி பலகை ஒட்டிய கப்பலைவிட மேசைமேல் கிடந்த கயிற்று வரைபடத்தில்தான் நெடுநேரம் நின்றார். டச்சு எழுத்தைப் படிக்க அவருக்கு அவசியமே இல்லை. தார் பூசிக் கறுத்த கயிறுகளைத் தொட்டு, “இது தாங்குத கயிறு” என்றார். வெளிர் நிறத்தில் இருந்ததை, “இது இழுக்குத கயிறு.” ஆங்கிலப் புத்தகங்கள் ஓர் அத்தியாயம் எழுதி விளக்குகிற பாகுபாடு அதுதான். பருமல்களை (பாயைத் தாங்கும் குறுக்குமரங்களை) திருப்புகிற கயிறுகளில் நடுமரத்துக் கயிறு பின்னோக்கி ஓடுகிறது, பின்மரத்துக் கயிறு மட்டும் ஏன் முன்னோக்கி வருகிறது என்று கேட்டேன். “அதுக்குப் பின்னால மரம் இல்லல்லா. எங்க கொண்டு கட்டுவான்?”

ஒவ்வொரு கயிற்றையும் விரலால் பிடித்துக்கொண்டே போய், “இதை யாரு இழுப்பா? எங்க நின்னு இழுப்பா?” என்று கேட்டார். பதில் இருந்தால் அடுத்ததற்குப் போவார். கிட் கம்பெனிகள் வேலையைக் குறைக்கப் பல கயிறுகளை விட்டுவிடும், இரண்டு மூன்றை ஒரே முளையில் (கயிறு கட்டும் குச்சியில்) முடிந்துவிடச் சொல்லும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கயிற்றை இழுக்க ஆள் நிற்க இடமே இருக்காது. எந்தக் கப்பலைச் செய்தாலும் இந்த இரண்டு கேள்வியையும் கயிறு கயிறாகக் கேட்டுப்பாருங்கள். மாதிரி நல்லதா இல்லையா என்பதைப் பளபளப்பைவிட இதுதான் சொல்லும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆரம்பாக்கத்திலிருந்து:

கொடி விஷயம் படித்துவிட்டு எங்கள் மாமா வீட்டுக் கப்பலைப் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்னதேதான்!

என்னுடையது இரண்டு பாய்மர பிரிக், 1:64. காக்கிநாடா பக்கம் கோரங்கியில் ஒரு காலத்தில் கப்பல் கட்டினார்கள். 1839 புயலில் அந்தத் துறைமுகமே அழிந்தது. அதைப் படித்ததிலிருந்து இந்த ஆசை. கஷ்டமானது ஏணிக்கயிறுதான். பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளின் குறுக்கே படிபோலக் கட்டுவது. நிஜத்தில் ஒரு படிக்கும் அடுத்ததற்கும் 13 முதல் 15 அங்குலம். என் அளவில் 5, 6 மில்லிமீட்டர்.

பழவேற்காட்டில் தெரிந்தவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். வலை கட்டுகிறவர். மேல்கயிற்றில் வலையைப் பூட்டும்போது அவர் போடுகிற அதே முடிச்சுதான் ஏணிக்கயிற்றுக்கும்: ஒரு சுற்று, குறுக்கே ஏறி இன்னொரு சுற்று, அதன் அடியிலேயே நுழைத்து எடுப்பது. வாங்கிப் போட்டுக் காட்டினார். நான் ஒன்று கட்டுவதற்குள் அவர் ஒரு வரிசை முடித்துவிட்டார். “இழுக்காத தம்பி. முடிச்ச உக்கார வை, அது போதும்” என்றார். இந்தச் சொல் விலைமதிப்பில்லாதது. ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கி இழுத்தால் தாங்குகயிறுகள் உள்ளே வாங்கி, ஏணி நடுவில் உடுக்கைபோல ஒடுங்கிவிடும். முடிச்சு உட்கார்ந்ததும் தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு சொட்டு. நூலை முன்கூட்டியே தேன்மெழுகில் இழுத்துக்கொண்டால் பிசிறு படிந்துவிடும்.

செங்கோட்டையிலிருந்து:

மரத்தைப் பற்றி ஒன்று. 1817-இல் பம்பாயில் மலபார் தேக்கில் கட்டிய ‘டிரிங்கோமலீ’ என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அதைச் செய்வதென்றால் தேக்கில்தான் என்று மர டிப்போவுக்குப் போனேன். டிப்போக்காரர் துண்டின் வெட்டுமுகத்தைக் கத்தியால் சீவி, தண்ணீர் தடவி, வெயிலில் காட்டினார். வளையம் வளையமாகத் துளைகள். “உங்க கப்பல் அளவுக்கு இது ஓட்டையாத் தெரியும் சார்.” கணக்குப் பார்த்தேன்: கால் மில்லிமீட்டர் துளை 1:64-இல் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சமம். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டுவதும் சிரமம். மஞ்சக்கடம்பு கொடுத்தார். ரேகை மெல்லியது, நிறம் சீரானது, வெந்நீரில் ஊறவைத்தால் அணியத்தின் வளைவுக்கு ஒடியாமல் வளைகிறது. நிஜக் கப்பல் தேக்காக இருந்தாலும் மாதிரிக்கு இதுதான் தேக்கு மாதிரித் தெரிகிறது. ஒன்றரை மில்லிமீட்டர் ரீப்பராக அறுக்கும்போது பாதி மரம் தூளாகப் போகும். அதற்கும் சேர்த்து வாங்குங்கள்.

குளச்சல் பக்கத்திலிருந்து:

இரண்டுமே அருமை. மஞ்சக்கடம்பு எங்கள் பக்கமும் தேடிப்பார்க்கிறேன். அந்த அக்காவின் ‘உக்கார வை’யை ஆசாரியிடமும் பாட்டாவிடமும் சொல்லிவிட்டேன், இருவருக்கும் ரொம்பப் பிடித்தது.

டச்சுக் கப்பல் செய்கிறவர்கள் அளவுகோல் கீறிக்கொள்ள: ஆம்ஸ்டர்டாம் அடியில் 10 அடிக்கு 1:72 என்றால் 39.3 மி.மீ., 1:64 என்றால் 44.2 மி.மீ. முதல் 10 அடியை மட்டும் அடி அடியாகப் பிரித்துக்கொண்டால் போதும், மற்றதை எல்லாம் பத்துப் பத்தாக விட்டுவிடலாம்.